லைப்ரரி போகப்போகிறது: யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது

சென்னையில் கடைகளின் பில்லிங் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். தி. நகர் ஜவுளிக் கடைகள், சவுகார்பேட்டை பாத்திர மொத்த வியாபாரிகள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சில பட்டறைகள் என்று வாடிக்கையாளர்கள் பல வகை. எல்லா இடத்திலும் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து நாங்களே தயாரித்த இயங்குதளம். அதிலிருந்து ஒரு பழைய லைப்ரரியை, அதாவது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் பாகத்தை, எடுப்பதென்றால், அதை எல்லோருக்கும் சொல்லி முடிக்கும் பொறுப்பும் எங்களுடையதே. கல்லூரி ஆய்வகத்துக்கோ, அலுவலகத்துக்கோ, கடைகளுக்கோ இப்படி ஒரு இயங்குதளத்தைத் தயாரித்துப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எச்சரிக்கை என்பது, அதைப் படித்து ஏதாவது செய்யக்கூடிய ஆளிடம், அவரால் செய்ய முடிகிற நேரத்தில் போய்ச் சேர வேண்டும். இது நடக்காவிட்டால் எத்தனை பெட்டிகள் திரையில் குதித்தாலும் பயனில்லை. ஒரு ஜவுளிக் கடையில், வேறொருவர் நிறுவிய மென்பொருள் ஓடிய கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் சொன்னது இது: “மேடம், தினமும் காலையில் ஒரு கட்டம் வரும். ‘ஓகே’ அழுத்தினால் போய்விடும்.” என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். “வரிசையில் ஆள் நிற்கும்போது எங்கே படிப்பது மேடம்? பில்லுக்குத் தடையாக இருக்கிறது, தள்ளிவிடுகிறேன்.” அந்தப் பெண் செய்தது முற்றிலும் நியாயம். இணைய இணைப்பைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி எந்தப் பதிப்பு என்பதை அவரால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவர் அந்தப் பெட்டியை ஒரு நாளும் பார்க்கவில்லை.

எந்த நிலையில் இருக்கிறது?

சொல்லத் தொடங்கும் முன், லைப்ரரி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். “இனி இதை நம்பிப் புதிதாக எதையும் எழுதாதீர்கள்” என்று ஆசிரியர்கள் அறிவிப்பது ஒரு நிலை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோவது அடுத்த நிலை. இயங்குதளத்திலிருந்தே அதன் பேக்கேஜ், அதாவது நிறுவும் பொதி, நீக்கப்படுவது மூன்றாவது. இவற்றுக்கு இடையில் பல ஆண்டுகள் இருக்கலாம். திரையில் ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் க்யூடி 4 லைப்ரரிக்கு அதன் ஆசிரியர்கள் 2015 டிசம்பரில் ஆதரவை நிறுத்தினார்கள். டெபியன் அதை வெளியேற்றியது 2021 ஆகஸ்டில் வந்த 11-ஆம் பதிப்பில். அதே வேலையைச் செய்யும் ஜிடிகே 2-க்கு, 2020 டிசம்பரில் ஜிடிகே 4 வெளிவந்ததோடு பராமரிப்பு முடிந்தது. ஆனால் டெபியன் 12-இல்கூட அது கிடைக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் 2-ஆம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு கணக்கு முடிந்தது.

ஆபத்தின் அளவும் ஒன்றல்ல. ஜிடிகே 2 திரையில் பொத்தான்களை வரைகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல், வங்கியோடும் ஜிஎஸ்டி தளத்தோடும் பேசும் இணைப்பைக் காக்கிறது. இரண்டுக்கும் ஒரே சிவப்பு நிறத்தில் ஒரே குரலில் எச்சரித்தால், அடுத்த முறை எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஆசிரியர்கள் சொன்ன தேதியை அப்படியே எடுத்துக்கொண்டும் கிளம்பக் கூடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அவர்களுடைய பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-இல் முடிந்தது. ஆனால் ரெட் ஹேட் லினக்ஸ் 8 அதே 1.1.1-ஐத் தன் பொறுப்பில் திருத்தித் தருகிறது. டெபியன் 11-இலும் அதுவே இருக்கிறது. அந்தப் பதிப்பின் நீண்டகால ஆதரவுக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஆகஸ்ட் 31. அதே லைப்ரரியை யாரோ இணையத்திலிருந்து எடுத்து டெபியன் 12-இல் கையால் நிறுவியிருந்தால் அதற்கு எந்தத் திருத்தமும் வராது. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும் முதல் இரண்டு கணினிகளுக்கு அவகாசம் இருக்கிறது, மூன்றாவதற்கு இல்லை. எச்சரிக்கையில் போடும் தேதி, அந்தக் கணினிக்குத் திருத்தம் நிற்கும் தேதியாக இருக்க வேண்டும்.

யார் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். “லிப்எஸ்எஸ்எல் 1.1 நீக்கப்படும்” என்று, ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-இன் கோப்புப் பெயரை மட்டும் சொல்லி, எல்லாக் கணினிகளுக்கும் ஒரு அறிவிப்பை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தன் கணினியில் எந்த மென்பொருள் நின்றுபோகும் என்பது தெரியாமல் கடைக்காரர் என்ன செய்வார்? மென்பொருளின் பெயர் சொல்லப்படாத எச்சரிக்கையை வெளியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.

டெபியனின் பேக்கேஜ் நிறுவும் கருவியான ஏபிடி வழியாக நிறுவியவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு பேக்கேஜை நம்பியிருக்கும் மற்றவை எவை என்று கேட்டால் அதுவே பட்டியல் தரும். நிறுவப்பட்டவற்றை மட்டும் காட்டும்படியும் கேட்கலாம். ஆனால் கடைகளில் சிக்கல் தரும் மென்பொருள்கள் இந்தப் பட்டியலில் வருவதே இல்லை. பில்லிங், எடைமேடை, பார்கோடு ஒட்டுத்தாள் அச்சிடுவது, பழைய பிரிண்டர் டிரைவர் எல்லாமே யாரோ ஒருவர் பென் டிரைவில் கொண்டுவந்து ஆப்ட் கோப்புறையிலோ யூசர்-லோக்கல் கோப்புறையிலோ போட்டுவிட்டுப் போனவை. அந்தக் கோப்புறைகளுக்குள் போய், இயங்கும் கோப்பு ஒவ்வொன்றையும் ரீட்எல்ஃப் கருவியால் திறந்து, அதற்கு “தேவை” என்று குறிக்கப்பட்ட லைப்ரரிகளைப் படிக்க வேண்டும். லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை இதைவிட வசதியாகத் தெரியும். ஆனால் சில சூழ்நிலைகளில் அது அந்தக் கோப்பை இயக்கியே பார்க்கும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. யார் எழுதியது என்று தெரியாத கோப்பின் மேல் அதை ஓட்டாதீர்கள். ரீட்எல்ஃபோ, கோப்பை இயக்காமல் படிக்கும் இன்னொரு கருவியான ஆப்ஜ்டம்ப்போ போதும்.

இதிலும் தப்பிப்பவை உண்டு. சில மென்பொருள்கள் ஓடத் தொடங்கிய பிறகு, தேவைப்படும்போது மட்டும் லைப்ரரியை ஏற்றிக்கொள்ளும். கோப்பைப் படித்தால் அது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் எந்தெந்தக் கோப்புகளை ஏற்றியிருக்கிறது என்பதை ப்ராக் கோப்புறையில் அந்த நிரலின் எண்ணுக்குக் கீழே உள்ள “மேப்ஸ்” கோப்பு சொல்லும். அதை ஒரு தடவை பார்த்தால் போதாது. மாலை விற்பனை நேரத்திலும், கடை மூடிக் கணக்கு முடிக்கும் நேரத்திலும், ஜிஎஸ்டி கோப்பு தயாரிக்கும் நாளிலும் பார்க்க வேண்டும். மாதத்தில் ஒரே நாள் ஓடும் நிரல்தான் கடைசியில் கழுத்தை அறுக்கும். எங்கள் கணினிகளில் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று மணிக்கொரு முறை இந்தக் கோப்புகளை மேய்ந்து, பழைய லைப்ரரியின் பெயரைக் கண்டால் நிரலின் பெயரோடு ஒரு வரியைக் குறித்துவைக்கும். முழுதாக ஒரு மாதம் அது ஓடிய பிறகே நாங்கள் வாய் திறக்கிறோம்.

தன் கோப்புறைக்குள்ளேயே லைப்ரரியின் ஒரு பிரதியை வைத்துக்கொண்டிருக்கும் மென்பொருள்களையும் தேடுங்கள். நீங்கள் இயங்குதளத்திலிருந்து லைப்ரரியை எடுத்தாலும் அவை நிற்காமல் ஓடும். ஓடுவதாலேயே யாரும் கவனிக்க மாட்டார்கள், ஓட்டை அப்படியே இருக்கும்.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, லினக்ஸில் செயலிகளை நிறுவித் தரும் ஃப்ளாட்பேக் நல்ல முன்மாதிரி. அதன் அடித்தளம் ஒன்று காலாவதியானால், அப்டேட் செய்யும்போது காரணத்தைச் சொல்வதோடு, அந்த அடித்தளத்தை உங்கள் கணினியில் எந்தெந்தச் செயலிகள் பயன்படுத்துகின்றன என்பதையும் கீழே வரிசையாகத் தருகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் இப்படிச் செய்திருக்கிறது. கெர்னலின் அமைப்புகளை மாற்ற நிரல்கள் பயன்படுத்திய பழைய சிஸ்சிடிஎல் அழைப்பை 5.5 பதிப்பில் நீக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, அதை யார் அழைத்தாலும் அந்த நிரலின் பெயரோடு கணினியின் பதிவேட்டில் (லாக்) ஒரு வரி எழுதியது. சில தடவை எழுதியதோடு நிறுத்தியும் கொண்டது.

மூன்று பேர், மூன்று வழி

நிரல் எழுதுபவர், கணினியைப் பராமரிப்பவர், அதில் வேலை செய்பவர். எச்சரிக்கையை இந்த மூவருக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். பைத்தான் இதைத் தன் வடிவமைப்பிலேயே வைத்திருக்கிறது. நிரலாளருக்கான டெப்ரிகேஷன்வார்னிங், 2.7 மற்றும் 3.2 பதிப்புகளிலிருந்து சாதாரணப் பயனர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டது. 3.7-இல், நேரடியாக இயக்கும் முதன்மை நிரலுக்கு மட்டும் மீண்டும் காட்டப்பட்டது. இறுதிப் பயனர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுக்கு ஃப்யூச்சர்வார்னிங் என்று தனி வகையே இருக்கிறது.

நிரலாளருக்குச் சொல்ல நல்ல நேரம், அவர் கம்பைல் செய்யும் (எழுதிய நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும்) நேரம். அந்த வேலையைச் செய்யும் ஜிசிசியில் ஒரு செயற்கூறின் மேல் “டெப்ரிகேட்டட்” என்று குறித்துவிட்டால், அதை அழைக்கும் ஒவ்வொரு வரிக்கும் எச்சரிக்கை வரும். அந்தக் குறிப்போடு, பதிலுக்கு எதைப் பயன்படுத்துவது என்ற செய்தியையும் சேர்க்கலாம். அதைச் சேர்க்காமல் விடாதீர்கள். லினக்ஸில் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான க்ளிப்சி இன்னொரு படி மேலே போகிறது. கெட்ஸ் என்ற பழைய செயற்கூறை இணைத்தால், அது ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது என்று, நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்க்கரே சொல்லும். சி மொழியின் 2011 தரத்திலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டுவிட்டது. இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோராவில் ஒரு பேக்கேஜைக் கைவிடப்போவதாகக் குறித்துவிட்டால், புதிய பேக்கேஜ் எதுவும் அதை நம்பி உள்ளே வர முடியாது. சிறிய குழுவாக இருந்தாலும் இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கட்டாயம் செய்துவையுங்கள். பழைய வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக்கொண்டே புதுக் குடித்தனத்தை உள்ளே விடக் கூடாது.

பராமரிப்பவருக்கு டெபியனில் தயாரான வழிகள் நிறையவே இருக்கின்றன, பலரும் பயன்படுத்துவதில்லை. ஒரு பேக்கேஜோடு நியூஸ் கோப்பு ஒன்றை வைத்தால், ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் அதை அப்டேட்டுக்கு முன்பே காட்டும். மின்னஞ்சலாகவும் அனுப்பும். டெபியன்-செக்யூரிட்டி-சப்போர்ட் என்ற பேக்கேஜை நிறுவினால், பாதுகாப்பு ஆதரவு முடிந்துபோன, அல்லது குறைந்த அளவே கிடைக்கிற பேக்கேஜ்கள் உங்கள் கணினியில் எவை என்று சொல்லும் கட்டளை கிடைக்கும். ஏற்கெனவே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி சொல்லாமல் இருக்கவும் அதற்குத் தெரியும். எங்கள் இயங்குதளத்தில், பேக்கேஜ் நிறுவும் வேலை முடிந்த கையோடு இது தானாக ஓடும். முடிவு எங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு வரும், கடையின் திரைக்கு வராது.

பராமரிப்பவருக்கான செய்தி எங்கே வரக் கூடாது என்பதற்கு டெபியனிலேயே ஒரு பாடம் கிடைத்தது. 2021-இல், ஒரு நிரல் எங்கே இருக்கிறது என்று காட்டும் “விச்” என்ற சிறு கட்டளை, தான் கைவிடப்படப்போவதாக ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு வரி எழுதத் தொடங்கியது. அதைப் பல ஆண்டுகளாக ஸ்கிரிப்டுகளுக்குள் பயன்படுத்தியவர்களின் வேலைகள் அந்த ஒரு வரியால் குழம்பின. விவகாரம் தொழில்நுட்பக் குழு வரை போய், அந்த எச்சரிக்கையை எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. 2022-இல் வெளிவந்த, கோப்புகளில் சொற்களைத் தேடும் க்ரெப் 3.8-உம் தன் பழைய வடிவங்களான ஈக்ரெப், எஃப்க்ரெப் இரண்டுக்கும் இப்படி எச்சரிக்கத் தொடங்கியது. யாரோ எழுதிய பழைய ஸ்கிரிப்டை ஓட்டுகிற எல்லோர் திரையிலும் அந்த வரி வந்து விழுந்தது. பார்த்தவர்களில் பலருக்கு அந்த ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. கட்டளையின் வெளியீட்டில் எச்சரிக்கையைக் கலக்காதீர்கள். பிழைகளுக்கான தனி வழியில் அனுப்பினாலும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும் வேலையாக இருந்தால் நிமிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பதிவேட்டில் எழுதுங்கள். ஒரு நிரலுக்கு ஒரு தடவை எழுதுங்கள்.

கவுண்டரில் இருப்பவருக்கு என்ன எழுதுவது

இந்த மூவரில் நான் அதிகம் கவலைப்படுவது இவரைப் பற்றித்தான். கணினி நின்றால் வாடிக்கையாளரின் ஏச்சு இவர் மேல்தான் விழும். முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான். ஆகவே இவருக்கான செய்தியின் முதல் வரி, இன்று வேலை நிற்காது என்பதாக இருக்கட்டும். பயம் போன பிறகே மனிதர்கள் அடுத்த வரியைப் படிக்கிறார்கள். நாங்கள் பயன்படுத்தும் வாசகம் இது:

“இன்று பில் போடுவதில் எந்தத் தடையும் இல்லை.
கவுண்டர் 3-இல் உள்ள பில்லிங் மென்பொருள், பழைய பாதுகாப்புப் பாகம் ஒன்றைப் பயன்படுத்துகிறது. ஜூன் 22, திங்கள்கிழமைக்குப் பிறகு அந்தப் பாகம் இந்தக் கணினியில் இருக்காது. அதற்குள் பில்லிங் மென்பொருளை மாற்ற வேண்டும்.
நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தச் செய்தி உங்கள் மேலாளருக்கும் போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.”

லைப்ரரியின் பெயரோ பதிப்பு எண்ணோ இதில் கிடையாது. அவை மேலாளருக்குப் போகும் மின்னஞ்சலில் இருக்கும். மென்பொருளின் பெயரை, கடையில் அதை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே போடுங்கள். ஐகானுக்குக் கீழே இருக்கும் பெயரைச் சொன்னால் உடனே புரிகிறது, கோப்பின் பெயரைச் சொன்னால் புரிவதில்லை. பொத்தான் ஒன்றே ஒன்று, “படித்துவிட்டேன்”. “சரி”, “ரத்து” என்று இரண்டு வைத்தால், ரத்தை அழுத்தினால் லைப்ரரி தப்பித்துவிடும் என்று நம்பி அதை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பிள் 32 பிட் செயலிகளை விடைபெறச் செய்த விதம் எனக்குப் பிடிக்கும். 2018-இல் மேக் ஓஎஸ் 10.13.4 முதல், அப்படிப்பட்ட செயலியைத் திறந்தால் அதன் பெயரைச் சொல்லி, அதை உருவாக்கியவர் மேம்படுத்த வேண்டும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினாவில்தான் அவை ஓடாமல் போயின. பெயரும் இருந்தது, பொறுப்பு யாருடையது என்பதும் இருந்தது, அவகாசமும் இருந்தது. 

பெட்டி திரையில் எந்த நேரத்தில் வருகிறது என்பதும் வாசகத்தின் அளவுக்கு முக்கியம். கணினியில் நுழைந்த உடனே காட்டலாம், பில் போட்டுக்கொண்டிருக்கும்போது காட்டவே கூடாது. நோட்டிஃபை-சென்ட் வழியாக மூலையில் வரும் அறிவிப்பு சில நொடிகளில் மறைந்துவிடும். ஆகவே முக்கியமான தேதியை அதில் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு கணினியில் ஒருவருக்கு ஒரு தடவை காட்டி, அவர் படித்ததைக் குறித்துவைத்து, கடைசி வாரத்தில் மட்டும் மறுபடி காட்டுங்கள்.

நாள் குறிப்பது

சென்னையில் வியாபாரத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு, அதை மதிக்காத எச்சரிக்கை எடுபடாது. ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் தீபாவளி முடியும் வரை எதையும் தொட விடமாட்டார்கள், விடவும் கூடாது. பிறகு பொங்கல். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு. ஏப்ரல், மே மாதங்களில் கல்யாணப் புடவை, அடுத்துப் பள்ளிச் சீருடை. மாதத்துக்குள்ளும் கவனம் வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி கெடு 20-ஆம் தேதி. 10, 11, 18, 19, 20 ஆகிய நாள்களில் கணக்காளரிடம் லைப்ரரி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். டெபியன் 11-இன் கெடு ஆகஸ்ட் 31 என்றால், அது ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவில் வந்து நிற்கிறது. எனவே எங்கள் ஜவுளிக் கடைகளுக்கு நாங்கள் சொல்லும் நாள் ஜூன் பிற்பகுதி, 20-ஆம் தேதி தாண்டி. மேலே உள்ள வாசகத்தில் ஜூன் 22 வந்ததும் அதனால்தான். பட்டறைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆயுத பூஜைக்குக் கணினியையும் துடைத்துப் பொட்டு வைக்கும் இடங்கள் அவை. அந்த விடுமுறையை ஒட்டி அவர்களே நேரம் ஒதுக்கித் தருவார்கள்.

வரிசை இப்படி. முதலில் மென்பொருளை விற்றவருக்கு. ஆறு மாதமாவது முன்பு, எழுத்தில், லைப்ரரியின் பெயர், பதிப்பு, கடைசி நாள், மாற்று எது என்ற விவரங்களோடு. விற்றவர் பதில் தராமல் இழுத்தடிப்பதுதான் இந்த வேலையில் என்னை உண்மையிலேயே வருத்தும் விஷயம். “ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, ஏன் மாற்ற வேண்டும்?” என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் பேசுவதற்குக் கடைக்காரர் கையில் ஒரு பிடி இருக்கிறது, அது ஏஎம்சி. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, மென்பொருள் நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியலைத் தர வேண்டும், ஆதரவு முடிவதற்குள் மாற்றித் தர வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பணம் கைமாறும் முன் கேட்டால் பதில் வருகிறது. அடுத்து, மூன்று மாதம் முன்பு, கடை மேலாளருக்கு. கவுண்டருக்குக் கடைசி இரண்டு வாரம் போதும்.

இடையில் ஒத்திகை ஒன்று அவசியம். கூட்டமில்லாத ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை, விற்றவரின் ஆளும் தொலைபேசியில் இருக்கும்போது, ஒரே ஒரு கவுண்டரில் லைப்ரரியைத் தற்காலிகமாக ஒளித்துவையுங்கள். டீபிகேஜி-டைவர்ட் கொண்டு கோப்பை லைப்ரரிக் கோப்புறைக்கு வெளியே வேறு இடத்துக்கு மாற்றினால், பேக்கேஜ் மேலாண்மை குழம்பாமல் திரும்பக் கொண்டுவரலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, லைப்ரரி அதன் நினைவகத்தில் இருக்கும். நிரலை மூடித் திறந்தால்தான் உண்மை தெரியும். இதை மறந்து, “எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை” என்று அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினியை அணைத்துப் போட்டுவிட்டு, பில், ரிட்டர்ன், நாள் முடிவுக் கணக்கு, அச்சு என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

குறுக்கு வழிகளை முன்பே அடைத்துவிடுங்கள்

எச்சரிக்கை கொஞ்சம் கடுமையாக இருந்தால், யாராவது ஒரு கெட்டிக்காரர் இணையத்திலிருந்து பழைய பேக்கேஜைப் பதிவிறக்கி நிறுவிவிடுவார். 2022-இல் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பு, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-உடன் வந்து பழைய லிப்எஸ்எஸ்எல் 1.1 காணாமல் போனபோது ஊரெங்கும் இதுதான் நடந்தது. மென்பொருள் ஓடும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பிரதிக்கு இனி எந்தத் திருத்தமும் வராது, அது இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் கணினியில் மட்டும் இருக்கும் பேக்கேஜ்களை ஏபிடியிடமே கேட்டுப் பெறலாம். அந்தத் தேடலையும் மாதாந்தரச் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழியைத் தடுக்க நல்ல உபாயம், நேர்வழியை எச்சரிக்கையிலேயே சொல்லிவிடுவது. மென்பொருளின் புதுப் பதிப்பு இருந்தால் அதன் எண்ணைச் சொல்லுங்கள். இல்லையென்றால், பழைய சூழலை ஒரு கன்டெய்னருக்குள் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்த இடத்துக்குள்) பூட்டி, இணையத்தைத் துண்டித்து, கடைக்குள் மட்டும் ஓட விடலாம். ஒரே மென்பொருளுக்கு மட்டும் தெரியும்படி லைப்ரரியை அதன் கோப்புறையில் வைத்து, அந்த நிரலைத் தொடங்கும் ஸ்கிரிப்டில் மட்டும் பாதையைக் காட்டலாம். இரண்டும் தற்காலிக அனுமதிகள். யாருக்கு, எதற்கு, எந்த நாள் வரை என்று எழுதி மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த நாள் வருவதற்கு முன் மறுபடி எச்சரிக்கை வரும்படி இப்போதே அமைத்துவிடுங்கள்.

விண்டோஸ் கணினிகளும் கலந்திருக்கும் கடைகளுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸோடு வரும் பழைய ஸ்கிரிப்ட் மொழியான விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. பழைய கணக்கு மென்பொருள்கள் பல, அறிக்கை தயாரிக்க அதையே நம்பியிருக்கின்றன. மேலே சொன்ன தேடல், பெயர் சொல்லும் முறை, நாள் குறிப்பு எல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

எடுத்த பிறகு

லைப்ரரியை எடுத்த மறுநாளும் யாராவது பழைய ஐகானை அழுத்துவார்கள். அப்போது என்ன நடக்கும் தெரியுமா? முனையத்தில் ஓட்டினால், இன்ன லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வரும். ஐகானை அழுத்தினால் அதுகூட வராது. சுட்டிக்குறி சற்றுச் சுழலும், பிறகு நின்றுவிடும். கவுண்டரில் இருப்பவர் மறுபடி அழுத்துவார், மறுபடியும் அதே. மவுஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றிப் பார்ப்பார். கடைசியில் கணினியையே அணைத்துப் போடுவார்.

இதற்காக, பட்டியலில் இருந்த ஒவ்வொரு மென்பொருளின் ஐகானையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் வழியாகத் திறக்கும்படி, நீக்கும் நாளுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அது முதலில் லைப்ரரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் பேசாமல் மென்பொருளைத் திறந்துவிடும். இல்லையென்றால், “இந்த மென்பொருள் ஜூன் 22-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. இதற்குப் பதிலாகப் பக்கத்தில் உள்ள புதிய பில்லிங் ஐகானைத் திறங்கள்” என்று சொல்லி, கீழே உதவி எண்ணைக் காட்டும். அந்த எண்ணை எடுப்பதற்கு முதல் வாரம் முழுவதும் கடை திறக்கும் நேரத்திலிருந்து ஒரு ஆளை உட்கார வையுங்கள். ஸ்கிரிப்டையும் ஐகானையும் அடுத்த ஆண்டுக் கணக்கு முடியும் வரை விட்டுவையுங்கள், ஏனென்றால் பழைய பில்லைத் தேடி மார்ச் மாதத்தில் யாராவது அதைத் திறக்க வருவார்கள்.